சறோஜாவின் இரத்தத்தில் சிறிதும் பெரிதும்

பலேர்மோ, போர்கோ வெக்கியோ
9 செப்டம்பர் 2024

மச்சான் ஏர்னஸ்ற்,

என் பெயரைக் கண்டதும் இந்த ஈமெயிலை அழித்துவிடாதே. ஐந்து வருடமாக உன் போனில் என் நம்பருக்குத் தடை. அதனால் மகன் ஜெனோஜனிடம் கெஞ்சி, போனில் தமிழ் அடிக்கப் பழகி, ஒற்றை விரலால் குத்திக் குத்தி எழுதுகிறேன். அவன் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

விசயம் உன் தங்கச்சியைப் பற்றியது. பதறாதே, சறோஜா இப்போது நன்றாகத்தான் இருக்கிறாள். அடுத்த அறையில் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டு நிற்கிறாள்.

போன வியாழன் சீசாப் பகுதியில், அவள் வேலை செய்யும் இத்தாலிக்காரச் சிஞ்ஞோறா அம்மாவின் வீட்டில், கோப்பிக் கோப்பை வலது கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. பொறுக்கக் குனிந்தவளுக்குக் கை விறைத்துப் போயிற்று. என்ன நடந்தது என்று சிஞ்ஞோறா கேட்க இவளுக்குச் சொல் வரவில்லை. இத்தாலியும் இல்லை, தமிழும் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனதாம். அந்த மனுசி புத்திசாலி, உடனே அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டா. நான் துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பலின் அறைகளைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றேன். தும்புத்தடியைப் போட்டது போட்டபடி ஓடினேன். நான் போய்ச் சேர முன்னமே கையும் வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. "ஏனப்பா வேலையை விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று என்னைத்தான் ஏசினாள்.

இரண்டு நாள் மறித்து வைத்துத் தலை, கழுத்துக் குழாய், இதயம் எல்லாம் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் அடைபடவில்லை. தினமும் ஒரு அஸ்பிரின் போடச் சொன்னார்கள். வெளிக்கிடும்போது ஒரு இளம் டொக்டர் பிள்ளை இரத்த ரிப்போட்டில் ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டுத் தந்தா. ஆர்.டி.டபிள்யூ, 19.4. பதினைந்துக்குள் இருக்கவேண்டிய எண்ணாம். சறோஜாவின் சிவப்பணுக்கள் ஒரே அளவில் இல்லை, சிறிதும் பெரிதுமாக இருக்கின்றன, இப்படி இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வருவது கொஞ்சம் அதிகம் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள், ஏன் என்று தேடவேண்டும் என்றா. இன்னும் சில இரத்தப் பரிசோதனைகள் எழுதித் தந்தா. உன் தங்கச்சி அதை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டு, "நான் போகேல்லை" என்கிறாள். கேட்டால் காரணமும் சொல்கிறாள் இல்லை.

மாமாவுக்கும், உங்கள் அப்பாவுக்கும், இப்படித்தானே, முதல் தரம் வந்து ஓடிப்போனது, இரண்டாம் தரம் ஆளையே படுக்கையில் போட்டது. அதற்கு முன்னம் காரணம் தெரியவேண்டும், மச்சான். முப்பது வருடமாக ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் ஊரின் இரத்தத்தையெல்லாம் பார்க்கிறவன் நீ. அணுவுக்கு அளவு இருக்கிறதா? அதை எப்படி அளக்கிறார்கள்? அளவு வேறுபட்டால் என்ன கேடு?

அண்ணாவுக்கு எதையும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை. நான் உனக்கு எழுதியது அவளுக்குத் தெரியவேண்டாம். நான்தான் முதலில் இறங்கி வந்தேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

இராயப்பு

*

பேசாலை
11.09.2024

திரு. இராயப்பு அவர்களுக்கு,

முதலில் ஒரு விசயம். 2019 ஆவணியில், மடு மாதா திருநாள் முடிந்து ஊரில் நடந்த உதைபந்தாட்ட இறுதியாட்டத்துக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த ஆள் நடுநிலையாக இருப்பான் என்று நம்பி உன்னை நடுவராக்கினோம். கடைசி நிமிடத்தில், நான் செயலாளராக இருக்கும் கழகத்துக்கு எதிராக, நடக்காத ஒரு கைப்பிழைக்குப் பெனால்ட்டி ஊதினாய். தோற்றோம். அன்றைக்கு மாதா கோவில் படியில் நின்று, "இனி இவனோடை ஒரு சொல்லுக் கதைச்சனெண்டால் நான் மாதாவின்ரை பிள்ளை இல்லை" என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம் அப்படியே இருக்கிறது. எழுதுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஆகவே எழுதலாம். போன் எடுக்கக்கூடாது.

இனி இரத்தம். எலும்புக்குள் இருக்கும் மச்சையில் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. ஏறக்குறைய நான்கு மாதம் ஓடித் திரிந்துவிட்டு அழிகின்றன. எங்கள் கருவி அவற்றை ஒவ்வொன்றாக ஒரு நுண்ணிய துளையால் விட்டு அளக்கிறது. நல்ல இரத்தத்தில் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. சாளை படுகிற காலத்தில் வலையை இழுத்தால் எல்லாம் ஒரே அளவாய் வருமே, அப்படி. சாளையோடு பாரையும் நெத்தலியும் கலந்து வந்தால் ஏதோ குழப்பம் என்று உனக்குத் தெரியும்தானே. அந்தக் கலப்பு எவ்வளவு என்பதைத்தான் ஆர்.டி.டபிள்யூ. சொல்கிறது. அது நோயின் பெயர் அல்ல. அணுக்களைச் செய்கிற இடத்தில் ஒழுங்கில்லை என்கிற அறிகுறி.

வட்டம் போட்ட வரியை மட்டும் வைத்து நான் எதையும் சொல்லமாட்டேன். முழு ரிப்போட்டையும் அனுப்பு. தங்கச்சி ஞாயிறு எனக்குப் போன் எடுத்தவள். "எல்லாம் சுகம் அண்ணா" என்றாள். பொய்க்காரி.

ஏ. ஏர்னஸ்ற்

*

பலேர்மோ
15 செப்டம்பர்

மச்சான்,

"திரு." என்று தொடங்கியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. பத்தாம் வகுப்பில் என் பரீட்சைத் தாளைப் பார்த்து எழுதும்போது இந்தத் திரு எங்கே போனதோ! சரி, போகட்டும்.

ரிப்போட்டைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 10.9. அது கொஞ்சம் குறைவு என்று எனக்கே விளங்குகிறது. ஆனால் அணுவின் சராசரி அளவு 87 என்று போட்டு, பக்கத்தில் சரி என்று இருக்கிறதே? சராசரி சரி என்றால் பிறகு ஏன் இந்த ஆர்ப்பாட்டம்? இரண்டு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். கப்பலில் ஒரே அறையை இரண்டு தரம் துடைத்துவிட்டு நிற்கிறேன்.

சந்தை மூலையில் மருந்துக்கடை வைத்திருப்பவரிடமும் காட்டினேன். அவர் கையை விரித்து, "மெடிதெறானெயா!" என்றார். இந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இரத்தக் குறைபாடாம், சிவப்பணு சின்னனாய்ப் பிறக்குமாம், தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்குச் சீவியம் முழுக்க இரத்தம் ஏற்றவேண்டி வருமாம். தனக்கும் இருக்கிறதாம், தன் கொழுந்திக்கும் இருக்கிறதாம், பெருமையாகச் சொன்னார். நான் என்ன செய்ய, பேசாலைப் பிள்ளைக்கு எப்படி ஐயா சிசிலி இரத்தம் வரும் என்று கேட்டேன். "இருபத்தைந்து வருசம் எங்கடை தண்ணி குடிச்சவதானே" என்கிறார்! அப்படியும் வருமா?

இன்னொன்று. சின்ன அணு பிறக்கும்போதே சின்னனா, இல்லை பிறகு சுருங்குகிறதா? பெரிய அணு மூளைக் குழாயில் போய்ச் சிக்குவதால்தான் பக்கவாதம் வருகிறதா? கவலையால் அணு பெருக்குமா? உன்னை விட்டால் கேட்க எனக்கு ஆளில்லை.

இராயப்பு

*

பேசாலை
18.09.2024

இராயப்பு,

தண்ணீர் குடித்து அந்தக் குறைபாடு வராது. அது பிறப்போடு வருவது, எங்கள் நாட்டிலும் இருக்கிறது. ஆனால் மருந்துக்கடைக்காரர் சொல்வது சறோஜாவுக்குப் பொருந்தவில்லை. அதில் அணுக்கள் சிறியவை, ஆனால் பெரும்பாலும் எல்லாம் ஒரே மாதிரிச் சிறியவை. இவளுடையவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடக்கின்றன.

நீ சராசரியைப் பற்றிக் கேட்டது, உண்மையைச் சொன்னால், நல்ல கேள்வி. நானும் முதலில் இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் நினைத்தேன். அப்படியென்றால் அணுக்கள் சிறுத்து, சராசரியும் இறங்கியிருக்கவேண்டும். இறங்கவில்லை. ஒரு நாள் முழுக்க மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் பிடிபட்டது. ஆறடி ஆளையும் நாலடி ஆளையும் பக்கத்தில் நிறுத்திச் சராசரி எடுத்தால் ஐந்தடி. ஐந்தடி ஆள் அங்கே ஒருவருமே இல்லை. சறோஜாவுக்கு இரண்டு குறை ஒன்றாக இருக்கலாம். இரும்பு குறைந்தால் அணு சிறிதாய்ப் பிறக்கும். பி12 குறைந்தால் பெரிதாய்ப் பிறக்கும். இரண்டும் கூடிச் சராசரியை நேராக்கிவிட, குழப்பம் வெளியில் தெரியவில்லை. ஆர்.டி.டபிள்யூ. மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. இது என் ஊகம். அந்த டொக்டர் பிள்ளை எழுதித் தந்த பரிசோதனைகளும் இதைப் பார்க்கத்தான். அவ கெட்டிக்காரி.

பெரிய அணு போய்ச் சிக்குவதில்லை. அவ்வளவு இலேசாக இருந்தால் எல்லாருக்கும் விளங்கியிருக்கும். ஆயிரக்கணக்கான ஆட்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தபோது, இந்த எண் கூடியவர்களுக்குப் பக்கவாதம் கூடுதலாக வந்திருக்கிறது. ஏன் என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. அணுவைக் கெடுக்கிற அதே விசயம் குழாயையும் கெடுக்கலாம். பி12 குறைந்தால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்று ஒன்று ஏறும், அது குழாய்க்கு நல்லதல்ல என்கிறார்கள். கவலையைப் பற்றி எனக்குத் தெரியாது. அதை அளக்க எங்களிடம் கருவி இல்லை.

இப்போது நீ பதில் சொல்லு. ஒன்று, அவளுக்கு மாதவிலக்கு இன்னும் இருக்கிறதா, அதிகமாகப் போகிறதா? தமையன் நான் கேட்க முடியாது. இரண்டு, சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடிக்கிறாளா? மூன்று, மீன், இறைச்சி, முட்டை சாப்பிடுகிறாளா?

ஏர்னஸ்ற்

*

பலேர்மோ
22 செப்டம்பர்

மச்சான்,

உன் முதலாவது கேள்வியை நான் போய்க் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்களுக்கு என்ன விசரோ? ஆர் இதெல்லாம் கேக்கச் சொன்னது?" என்று அகப்பைக்காம்போடு வந்தாள். கப்பலில் ஒரு டொக்டர் வந்தவர், அவர் கேட்டவர் என்று வாயில் வந்ததைச் சொல்லித் தப்பினேன். பதில் ஓம். இரண்டு வருடமாகக் கண்டபடி போகிறதாம். ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது. தேத்தண்ணீருக்கும் ஓம். சாப்பாடு முடிய முன்னமே கோப்பை கையில் இருக்கும்.

ஆனால் மூன்றாவது கேள்வி கேட்டாய் பார், அதுக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது! மீன் சாப்பிடுகிறாளாவா? கடலோரப் பேசாலையில் பிறந்தவளைப் பற்றியா கேட்கிறாய்? வேலை முடிந்து வரும்போது நான் நாள் தவறாமல் சந்தைக்குள்ளால்தான் வருகிறேன். சாளை, கணவாய், மலிந்தால் சூரை. ஒவ்வொரு நாளும் வீட்டில் மீன் குழம்பு. வாசம் மூன்றாம் மாடி வரைக்கும் போய், மேல்வீட்டுக்காரி என்ன சமையல் என்று எட்டிப் பார்க்கிறாள். ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளையும் இதைத்தான் கேட்டது, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவவா என்று. சறோஜா வாய் திறக்க முன்னம், நான்தான் முன்னுக்குப் பாய்ந்து, இல்லை டொட்டோறெஸ்ஸா, எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் மீன் என்று சொன்னேன். அவ அதை அப்படியே எழுதிக்கொண்டா.

ஆகையால் பி12 என்கிற உன் கதை சரிவராது. வேறு ஏதாவது யோசி. அவள் இன்னும் பரிசோதனைக்குப் போகமாட்டேன் என்றுதான் நிற்கிறாள். நேற்று ஒரு பெயரை மறந்துவிட்டு அரை நிமிடம் முழித்தாள். எனக்குச் சீவன் போய் வந்தது.

இராயப்பு

*

பேசாலை
23.09.2024

இராயப்பு,

வீட்டில் மீன் சமைப்பதை நீ கண்டாய். அது அவள் வாய்க்குள் போவதை உன் கண்ணால் கண்டாயா?

காணாததைக் கண்டதாக ஊதுவது உனக்குப் பழக்கம். அன்றைக்கு ஒரு கிண்ணம் போனது. இது என் தங்கச்சி. டொக்டருக்குச் சொன்ன பதிலை நீ ஊகித்துச் சொன்னாயா, பார்த்துச் சொன்னாயா என்று எனக்கு எழுது. ஒரு வாரம் அவளுக்குத் தெரியாமல் பார். கண்டதை மட்டும் எழுது.

நேற்று ஞாயிறு போனில், எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் எழுதிக்கொள்கிறோம் என்பது எப்படித் தெரிந்தது என்று கேட்பாள். அதைச் சொல்ல எனக்கும் வெட்கம்தான்.

ஏர்னஸ்ற்

*

பலேர்மோ
30 செப்டம்பர்

மச்சான்,

நீ திட்டியதை ஏற்றுக்கொள்கிறேன். பார்த்தேன். கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்குப் பரிமாறுவாள். "நீரும் இரும்" என்றால், "நான் பிறகு சாப்பிடுறன், நீங்கள் சாப்பிடுங்கோ" என்பாள். நான் கையைக் கழுவிவிட்டு ரீவிக்கு முன்னால் போய்விடுவேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து இப்படித்தான், நான் இதைப் பெரிதாக எடுத்ததே இல்லை. இந்தக் கிழமை தண்ணீர் எடுக்கப் போகிறவன் போலக் குசினிக்குள் போய்ப் போய்ப் பார்த்தேன். அடுப்படியில் நின்றபடி பாணும் பருப்பும் தக்காளிச் சம்பலும். ஒரு நாள் கீரை. மிஞ்சிய மீன் முழுக்க அடுத்த நாள் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வருகிறது. நானும் மனுசிக்கு என்னில் எவ்வளவு விருப்பம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன்!

நேற்று எங்கள் பங்குக் கோவிலில், சறோஜாவோடு பாடகர் குழுவில் பாடும் அருள்நாயகியின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். விருந்தில் சறோஜாவின் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் தேங்காய்ப்பால் சோதியும் பூசணிக்காயும் மட்டும். நான் அருள்நாயகியை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "அண்ணை, உங்களுக்குத் தெரியாதோ? அக்கா மீன் இறைச்சி எண்டு மச்சமெல்லாம் விட்டு அஞ்சு வருசமெல்லோ! நேர்த்தி எண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கிறேல்லை." பங்கு முழுக்கத் தெரிந்திருக்கிறது. பாடகர் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே கட்டிலில் படுக்கிற எனக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "முட்டையுமோ?" "ஓம்." "பாலுமோ?" "பால் தேத்தண்ணியும் விட்டிட்டன்." "எதுக்கு?" அதுக்கு மட்டும் வாய் திறக்கிறாள் இல்லை. சொன்னால் நேர்த்தி பலிக்காதாம். பரிசோதனைக்குப் போகாததும் இதனால்தான், மச்சான். போனால் டொக்டர் மீன் சாப்பிடு என்பா, சாப்பிட முடியாது, அதற்காகப் போகாமல் இருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழவில்லை, சந்தைப் பக்கம் போய் அழுதேன்.

ஜெனோஜனின் படிப்புக்காக வைத்த நேர்த்தி என்று நினைக்கிறேன். ஆனால் அவன் போன வருடமே சோதனை பாஸ் பண்ணிவிட்டானே? எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, நாங்கள் மடுத் திருநாளுக்கு ஊருக்கு வந்து திரும்பிய கிழமையிலிருந்து என்றாள். நீதான் இரத்தம் தெரிந்தவன், ஒரு நேர்த்தி இப்படி அணுவுக்குள் போய் இறங்குமா?

இராயப்பு

*

பேசாலை
2.10.2024

மச்சான்,

மடுத் திருநாளுக்கு வந்த அந்தப் பயணத்தில் வேறு என்ன நடந்தது என்று நீ யோசிக்கவில்லையா? உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் ஆய்வுகூடத்தில் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்தில் நிற்கும் பிள்ளை, "சேர், பிறெசரோ?" என்று கேட்டது.

பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "எங்களுக்காகவோ தங்கச்சி?" சொன்னாள்: "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிற வரைக்கும் மச்சம் தொடுறேல்லை எண்டு மாதாவிட்டைச் சொன்னனான் அண்ணா. ரெண்டு மாசத்திலை கதைச்சிடுவியள் எண்டு நினைச்சன்."

இரண்டு மாதம் என்று நினைத்திருக்கிறாள். பி12 ஈரலில் சேர்ந்து கிடக்கும், நாலைந்து வருடம் தாக்குப்பிடிக்கும், பிறகுதான் தட்டுப்படும். எங்கள் சண்டை அதையும் தாண்டிப் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிய காரணம் நாங்கள்தான். எனக்கு என்மேல் அவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது.

நாங்கள் ஒரு மாதமாக எழுதிக்கொள்கிறோம் என்று சொன்னேன். சந்தோசப்பட்டாள், அழுதாள். ஆனால் நேர்த்தி முடிந்தது என்று ஒத்துக்கொள்கிறாள் இல்லை. "எழுதிறது கதைக்கிறதோ அண்ணா? நீங்கள்தானே போனிலை கதைக்கேலாது எண்டு சத்தியத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

ஒன்றை மட்டும் சாதித்தேன். ஊசி மச்சம் இல்லை என்று சொன்னேன். பி12 ஊசி போட்டாலும், இரும்புக் குளிசை எடுத்தாலும் நேர்த்தி முறியாது. பரிசோதனைக்குப் போக ஒத்துக்கொண்டாள். நாளைக்கே கூட்டிக்கொண்டு போ. டொக்டரிடம் சரியான பதிலை அவளையே சொல்லவிடு, நீ வாயை மூடிக்கொண்டு நில். மருந்து தொடங்கிய பிறகு அந்த எண் இறங்காமல் முதலில் இன்னும் ஏறும். பயந்து சாகாதே. நல்ல அளவில் புது அணுக்கள் வந்து பழையவற்றோடு கலக்கும்போது கலப்பு இன்னும் கூடும். பழையவை அழிந்து முடியத்தான் இறங்கும். தேறுவதன் அடையாளம் அது.

சத்தியத்தைப் பற்றி நான் எங்கள் பங்குச் சுவாமியிடம் கேட்கவேண்டும். மாதாவின் பெயரைச் சொல்லிச் செய்தது. அதை நினைத்த மாதிரி எறிய எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏர்னஸ்ற்

*

பலேர்மோ
27 அக்டோபர்

மச்சான்,

இரண்டும் குறைவு. இரும்பு அடிமட்டத்தில், பி12 அதற்கும் கீழே. டொக்டர் பிள்ளை ஊசியும் குளிசையும் தொடங்கிவிட்டா. அவள் உள்ளதைச் சொல்ல, அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான். இனி எந்த ஆஸ்பத்திரியிலும் எவருக்காகவும் நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஆனால் உன் சுவாமி எங்கே? மூன்றரைக் கிழமை ஆகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் போனைச் சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, எனக்குப் பரிமாறிவிட்டு, அடுப்படியில் நிற்கிறாள். "அண்ணா எடுத்தவரோ?" என்று என்னைக் கேட்கிறாள். நான் எடுத்தால் உன் போனில் இன்னும் தடை. ஊசி இரத்தத்துக்குப் போதும் என்று நீ சொல்லலாம். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நின்றுகொண்டு பாணைக் கடிக்கிறாளே, அதைப் பார்க்கிறவன் நான். இப்போது எனக்கு ஒரு கவளம் இறங்குதில்லை. நாளைக்கு இன்னொரு கோப்பை கையிலிருந்து விழுந்து, அந்தத் தரம் கை திரும்பி வரவில்லை என்றால், உன் சத்தியத்தை நீ எங்கே கொண்டுபோய் வைப்பாய்?

உனக்கு வேண்டியது அதுதான் என்றால், அது பெனால்ட்டி இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன். கழகத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கவிடு.

இராயப்பு

*

பேசாலை
30.10.2024

மச்சான்,

ஒன்றும் எழுதித் தரவேண்டாம். அது பெனால்ட்டி இல்லை என்று எனக்குத் தெரியும், உன் கையெழுத்து எனக்குத் தேவையில்லை.

சுவாமியிடம் போகாமல்தான் இவ்வளவு நாளும் கடத்தினேன். இன்றைக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏர்னஸ்ற், ஒருத்தி சாப்பிடாமல் கிடக்க நீ வாயை மூடிக்கொண்டு இருக்கிறதையோ மாதா கேட்டவ?" என்றார். சத்தியம் முறித்ததற்குப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். செய்துவிட்டேன்.

தடையை எடுத்துவிட்டேன். ஞாயிறு உங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு நானே எடுப்பேன். என்ன கதைப்பது என்று தெரியவில்லை.

ஏர்னஸ்ற்

*

பலேர்மோ
4 நவம்பர் 2024

மச்சான்,

நேற்று நீ கேட்டது போன் வைக்கும் வரைக்கும்தான். பிறகு நடந்ததைச் சொல்ல மறுபடி எடுத்தேன், திரும்பவும் சண்டை வந்துவிடும் என்று நீ எடுக்க முன்னமே வைத்துவிட்டேன். அந்தத் தவறிய அழைப்பு என்னுடையதுதான். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் எவ்வளவு அழகாகத் தொடங்கினோம்! "சுகமோ?" "சுகம்." "மழையோ?" "மழை இல்லை." மூன்றாம் நிமிடம் நீ ஊசியை எந்தக் கையில் போடுகிறார்கள் என்று கேட்டு, நான் சொல்ல, நீ அது பிழை என்று சொல்ல, நான் நீ என்ன டொக்டரா என்று கேட்க, பிறகு இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தியது ஊருக்கே கேட்டிருக்கும். நீ போனை அறைந்து வைத்தாய். நான் நினைத்தேன், எல்லாம் போச்சு, இன்னும் ஐந்து வருடம். திரும்பி அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பினால், சறோஜா மேசையில் என் முன்னால் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு. ஜெனோஜன் வாயைப் பிளந்தபடி பார்க்கிறான். "என்னப்பா, சண்டை எல்லோ பிடிச்சது?" என்றேன். "சண்டை பிடிச்சாலும் கதைச்சது கதைச்சதுதானே" என்றாள். சிலுவை அடையாளம் போட்டாள். சட்டியில் கிடந்த சாளையில் ஒன்றை எடுத்து, முள்ளை நீக்கி, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தாள். நான் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றாள். நிறுத்தினாள். முகம் ஒரு மாதிரிப் போனது. ஐயோ, ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நான் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

"இஞ்சாருங்கோ, இதுக்கு உப்பே காணாதே!" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து வருடமாக ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல், கைக்கணக்கில்தான் மீன் சமைத்திருக்கிறாள்.

"அஞ்சு வருசமா இப்பிடியே சாப்பிட்டனீங்கள்? ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

மச்சான், என் பிறெசருக்காகத்தான் உப்பைக் குறைத்துவிட்டாள் என்று நினைத்தேன். குறை சொன்னால் அவள் மனம் நோகும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

இராயப்பு